கம்பளியில் விழுந்த ஓட்டை: தெரியும்படி தைப்பதா, மறைப்பதா, பிரித்துவிடுவதா?

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் ஸ்வெட்டர் உடுத்தப்படும் நாட்களைவிட அலமாரியில் மடிந்து கிடக்கும் நாட்களே மிகுதி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவரின் ஜெர்சி, அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ செவிலியராக இருக்கும் மகள் விடுமுறையில் வந்தபோது விட்டுச் சென்ற கார்டிகன், பேரப்பிள்ளைக்காகப் பாட்டி பின்னிய சட்டையும் குல்லாவும், எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கிய மப்ளர் என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்றாவது இருக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. ஆனியில் சுவரில் ஏறும் ஈரம் கார்த்திகை முடியும்வரை முழுதாக இறங்குவதில்லை. அந்த ஈரத்தில் ஓர் ஆண்டு கிடந்த கம்பளியை எடுத்து விரித்தால், மிளகளவில் நாலைந்து ஓட்டைகள் இருப்பது வியப்புக்குரியதல்ல.

எறிந்துவிடுவதா, ஒட்டுப் போடுவதா, தையற்கடையில் கொடுப்பதா, அல்லது இப்போது பலரும் செய்வதுபோல வேற்று நிற நூலால் வெளிப்படையாக டார்னிங் (ஊசியால் இழையோட்டி ஓட்டையை அடைப்பது) செய்துகொள்வதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைச் சொல்ல முடிந்ததில்லை. குளிர் நாடுகளிலிருந்து வரும் செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் உடுத்தித் தேய்ந்த முழங்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் கம்பளி தேய்ந்து சாவதில்லை, கிடந்து சாகிறது. தேய்ந்த துணிக்கும் கிடந்து கெட்ட துணிக்கும் தீர்வு வேறு என்பதால், ஓட்டையின் அழகைப் பற்றி யோசிக்கும் முன் அது வந்த வழியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

## ஊசியை எடுக்கும் முன்

முதல் அளவுகோல், ஓட்டை எப்படி விழுந்தது என்பது. துணியை ஜன்னலுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில், முழங்கையிலோ அக்குளிலோ, சுற்றிலும் துணி மெலிந்து நடுவில் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது தேய்மானம். சுற்றியுள்ள துணி தடிமன் குறையாமல் இருக்க, ஆங்காங்கே சிதறினாற்போல ஓட்டைகள் இருந்தால் அது பூச்சி. அந்துப்பூச்சி பறந்து வந்து கம்பளியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் வெள்ளரி விதையைப் போல ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் சாம்பல் நிறக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் இருப்பதும் அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த புழுவே. பழைய சிலந்தி வலையும் உதிர்ந்த முடியும் அதற்கு உணவு. கம்பளி கிடைத்தால் அதையும் விடாது.

பூச்சி என்று தெரிந்தால் தையலை ஒத்திப்போடுங்கள். புழு உள்ளே இருக்கும் துணியைத் தைத்து மறுபடி மடித்து வைப்பது, ஓடையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பானது. துணியை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் கட்டி, வீட்டு ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும். ஃபிரீசரில் மீனுக்குத்தான் இடம் என்று வீட்டில் சண்டை வரும். அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

இரண்டாவது அளவுகோல், நூல் எது என்பது. உட்பக்கத் தையலோரத்திலிருந்து ஒரு சிறு இழையை எடுத்துக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடையுடன் எரிந்து, நெருப்பை விலக்கியதும் அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். அக்ரிலிக் உருகிக் கறுத்த, கடினமான மணியாக உறையும். பருத்தி காகிதம் போல எரியும். அக்ரிலிக்கை மட்டும் வைத்து அந்துப்பூச்சி பிழைக்க முடியாது; ஆகவே அக்ரிலிக் ஸ்வெட்டரில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அது ஆணியிலோ கொக்கியிலோ சிக்கியதாகவே இருக்கும்.

மூன்றாவது, அந்த இடம் எவ்வளவு இழுபட வேண்டும் என்பது. மணிக்கட்டுப் பட்டியும் கழுத்துப் பட்டியும் ஒவ்வொரு முறை போடும்போதும் விரிந்து சுருங்க வேண்டியவை. மார்பும் முதுகும் அப்படியல்ல. நான்காவது, அதை யார், எங்கே உடுத்தப் போகிறார்கள் என்பது. இதை அழகியல் கேள்வியாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. டப்ளினில் மஞ்சள் நூலால் தைத்த நீலக் கார்டிகனைப் பார்த்து, யார் தைத்தது என்று விசாரிப்பார்கள். அதே கார்டிகனை மார்கழி ஆராதனைக்கு இங்கே போட்டுச் சென்றால், பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்க வழியில்லையா என்று யாராவது ஒரு மாமி கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாதவர்கள் பாக்கியவான்கள். பொருட்படுத்துகிறவர்களுக்கு அதுவும் ஒரு செலவுதான்.

| வழி | எதற்கு ஏற்றது | எங்கே தோற்கும் |
|---|---|---|
| வேற்று நிற இழையோட்டம் | மார்பு, முதுகு, முழங்கை, 3 செ.மீ. வரையான ஓட்டை | மணிக்கட்டு, கழுத்துப் பட்டி |
| கண்ணித் தையல் | மெலிந்து, இன்னும் விட்டுப்போகாத இடம் | மிக நுண்ணிய பின்னல் |
| கைதேர்ந்தவரின் மறைவு டார்னிங் | விலை உயர்ந்த சால்வை, வெளியிடத்துக்கு உடுத்துவது | பல இடங்களில் சிதறிய ஓட்டைகள் |
| ஒட்டுத்துணி | தடித்த ஜெர்சியின் முழங்கை, தோள் | மெல்லிய, தொங்கலான பின்னல் |
| பிரித்துப் பின்னுதல் | கையால் பின்னிய கனமான ஸ்வெட்டர் | பூச்சி அரித்தது, ஓவர்லாக் அடித்தது |

## வேற்று நிற நூலால் இழையோட்டுதல்

ஓட்டையின் மேல் நெடுக்கில் இழைகளை அடுத்தடுத்து இட்டு, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக ஊசியை ஓட்டி, அந்த இடத்தில் ஒரு சின்னத் தறித்துணியை நெய்துவிடுவதே இந்த முறை. நூல் துணியின் நிறத்திலிருந்து வேறுபடுவதால் தைத்த இடம் வெளிப்படையாகத் தெரியும். தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

குளச்சல், முட்டம் கடற்கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஒரு தவறைச் செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். வலையில் கிழிந்த இடத்தைப் பொத்தும் முன், சிதைந்த கண்ணிகளை அறுத்து எடுத்து, நல்ல கண்ணிவரை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் வலை ஊசியை ஓட்டுவார்கள். வலையின் கண்ணி ஒவ்வொன்றும் முடிச்சால் ஆனது என்பதால் ஒன்றை அறுத்தால் அடுத்தது அசையாது. ஸ்வெட்டரின் கண்ணியில் முடிச்சே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த வளையம் மட்டுமே. ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று கத்திரி வைத்தால் வளையங்கள் ஏணிப்படி போலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். எனவே பிசிறை அப்படியே விட்டு, ஓட்டையிலிருந்து 1 செ.மீ. தள்ளி, நலமாக உள்ள துணியில் சுற்றிலும் ஓர் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு, அங்கிருந்து நெடுக்கிழையைத் தொடங்குவதே முறை. தளர்ந்து நிற்கும் வளையங்களின் ஊடே நெடுக்கிழை சென்றால் அவை அங்கேயே பிடிபட்டு நின்றுவிடும்.

துணியைத் தாங்கிப் பிடிக்க வெளிநாட்டில் காளான் வடிவ மரக்கட்டை விற்கிறார்கள். நமக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும். கண் இல்லாத பாதியாகப் பார்த்து எடுத்து, வெளிப்புற நாரைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புக் காகிதத்தால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் ஊசி முனை வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பிசிறு மீந்தாலும் அது கம்பளியைப் பற்றி இழுக்கும் என்பதால் தேய்ப்பதில் சோம்பல் கூடாது. எண்ணெய் முழுதும் உலர ஒரு நாள் விடவும் வேண்டும். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும். கூர் ஊசி பழைய இழைகளைப் பிளந்துகொண்டு போகும்.

நூல் தேர்வில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். எம்பிராய்டரிக்கான பருத்தி நூல் எல்லா நிறத்திலும் கிடைப்பதால் அதையே எடுத்துவிடுகிறோம். கம்பளி இழுபட்டு மீளும், பருத்தி மீளாது. சில மாதங்களில் தைத்த சதுரம் பலகைபோல் நிற்க, சுற்றியுள்ள கம்பளி அதிலிருந்து கிழிந்து விலகும். கம்பளிக்குக் கம்பளி நூல், அதுவும் துணியின் இழையைவிடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தையற்பொருள் கடைகளில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அக்ரிலிக்தான். நல்ல கம்பளி நூலுக்கு நான் கண்ட எளிய வழி, காப்பாற்ற முடியாத வேறொரு கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்து வைத்துக்கொள்வது.

நேரத்தைப் பொறுத்தவரை, 2 செ.மீ. ஓட்டை ஒன்றுக்கு என் கைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கறுப்புத் துணியானால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே முடிகிறது. நெய்த சதுரம் பின்னலைப் போல இழுபடாது என்பதால் மணிக்கட்டுப் பட்டியில் இதைச் செய்தால் கை நுழையாது. கைக்குழந்தையின் சட்டையில் உட்பக்கத்தில் நீண்ட இழைகள் கிடந்தால் அவற்றில் பிஞ்சு விரல் சிக்கும். அங்கே இந்த முறை வேண்டாம்.

இந்தக் குறைகளோடும், பூச்சி அரித்துச் சிதறிய ஓட்டைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. பத்து ஓட்டைகளை மறைக்க முயன்றால் பத்தும் அரைகுறையாகத் தெரியும். பத்தையும் மூன்று நிறங்களில் துணிந்து தைத்தால் அது ஒரு கோலமாகிவிடுகிறது.

## கண்ணியைத் தொடர்ந்து செல்லும் தையல்

சுவிஸ் டார்னிங் என்று பெயர் பெற்ற இந்த முறையில், பின்னலின் ஒவ்வொரு கண்ணியின் மேலும் அதே வடிவில் ஊசியை ஓட்டி இரண்டாவது இழையைப் படரவிடுகிறோம். தைத்து முடித்தபின் பார்த்தால் வேறு நிறத்தில் பின்னியதுபோலத் தோன்றும். துணி எவ்வளவு இழுபடுமோ ஏறக்குறைய அவ்வளவு தையலும் இழுபடும் என்பது இதன் பெரும்பலம்.

ஆனால் இது ஓட்டை விழுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. படரவிடுவதற்கு அடியில் ஒரு கண்ணி இருந்தாக வேண்டும். அது போய்விட்டால் நெடுக்கே ஆதார இழைகளை இட்டு அவற்றின் மேல் கண்ணிகளைக் கட்ட வேண்டும், அதற்குக் கை பழக வேண்டும். நாள்தோறும் உடுத்தித் தேய்க்கிறவர்களுக்கு, அதாவது ஸ்வெட்டரோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, முழங்கை மெலியும்போதே இதைச் செய்துகொள்வது நன்று. இங்கே அலமாரியில் கிடக்கும் துணிக்கு இதன் பயன் குறைவு. இயந்திரத்தில் பின்னிய மெரினோ என்னும் நுண்ணிய கம்பளியில் கண்ணிகளை எண்ணுவதற்குள் கண் பூத்துவிடும்.

## கைதேர்ந்தவரிடம் கொடுத்து மறைத்துவிடுதல்

நான் தையல் பழகிய காலத்தில் தெரியும் தையல் என்ற சொல்லே வசவு. அதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலில் வாழ்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் பதிவாகியுள்ளது. முடிச்சு தெரியாமல், நூல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியாமல் வேலை செய்வதே கைத்திறம் என்ற எண்ணம் அந்த வழியில் பல தலைமுறைகளாக இங்கே ஊறியிருக்கிறது. அப்படிப் பழகிய கைகள் வேற்று நிறச் சதுரத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

மறைவு டார்னிங் உண்மையாகவே மறைய வேண்டுமானால், அதே துணியின் உட்தையலிலிருந்து எடுத்த இழையாலேயே செய்ய வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் நஜீபாபாத்தைச் சேர்ந்த ரஃபூகர் எனப்படும் டார்னிங் கைவினைஞர் குடும்பங்கள் காஷ்மீரச் சால்வைகளில் செய்வது அந்த வகை. நம் ஊரில் தையற்கடைகளில் டார்னிங் என்று செய்து தருவது பெரும்பாலும் இயந்திரத்தில் முன்னும் பின்னும் ஓட்டுவது. அது பேன்ட் துணிக்குப் பொருந்தும். பின்னலாடையில் நேர்த்தையல் இழுபடாமல் அறுந்துபோகும், அழுத்துகிற பாதம் துணியை அலை அலையாக நீட்டியும் விடும். நான் ஒரு முறை சாம்பல் நிற மப்ளரைக் கொடுத்துத் திரும்ப வாங்கியபோது ஓட்டை போயிருந்தது. அந்த இடத்தில் அப்பளம்போல ஒன்று பொருக்குத் தட்டியிருந்தது. தவறு என்னுடையதும்தான்: பின்னலாடை என்று சொல்லி, கையால் தைப்பீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

திருமண வீட்டுக்குப் போர்த்திச் செல்லும் சால்வை அல்லது அலுவலகத்துக்கு உடுத்தும் கார்டிகன், ஒன்றிரண்டு ஓட்டைகள், நம்பகமான கை என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த வழியே சிறந்தது. ஓட்டை எண்ணிக்கை கூடினால் கூலி ஸ்வெட்டர் விலையைத் தாண்டிவிடும்.

## ஒட்டுத்துணி

ராணுவ ஜெர்சியைக் கவனித்திருப்பீர்கள்: தோளிலும் முழங்கையிலும் தைக்கும்போதே தடித்த துணி ஒட்டு வைத்திருப்பார்கள். பின்னல் தடித்ததாக இருந்தால் ஒட்டு தாங்கும் என்பதற்கு அதுவே சான்று. தேய்மானத்தால் விழுந்த பெரிய ஓட்டைக்கு இது விரைவான, உறுதியான வழி. ஒட்டுத்துணியை முன்பே நனைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். கையால், தளர்வாகத் தையுங்கள். மெல்லிய கார்டிகனில் ஒட்டு வைத்தால் அதன் கனத்தால் துணி தொங்கி, ஓட்டையைவிட மோசமாகத் தெரியும்.

## பிரித்து மறுபடி பின்னுதல்

கேட்பதற்கு இனிமையான யோசனை. பாதிப் பேருக்கு இது நடக்காது. உட்பக்கத் தையலைப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியே வடிவமாகப் பின்னப்பட்டுச் சங்கிலிபோலச் சேர்க்கப்பட்டிருந்தால் நூல் நீளமாகப் பிரிந்து வரும். ஓரம் ஓவர்லாக் அடித்திருந்தால், பின்னிய துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் கையில் வரும். பூச்சி அரித்ததிலும் அப்படியே, ஒவ்வோர் ஓட்டையிலும் நூல் அறுந்திருக்கும்.

பாட்டி கையால் பின்னிய கனமான ஸ்வெட்டர், ஓட்டை ஓரிடத்தில் மட்டும், வீட்டில் பின்னத் தெரிந்தவர் உண்டு என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். பின்னல் முடித்த முனையிலிருந்து தொடங்கி, நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக்கி, நனைத்து, அடியில் சிறு பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டால் நூலின் சுருள் நிமிரும்.

## விட்டுவிடுதல்

மேலே பிசிறு உருண்டைகள் நிறைந்த மலிவான அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு மூன்று மணி நேரம் ஊசி பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதைக் கொடுத்தவர் யார் என்பதால் அதற்கு மதிப்பு இருந்தால், அது வேறு கணக்கு.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

இரண்டு மீட்டர் நூல் வேண்டியிருக்க, ஓர் உருண்டை முழுதும் வாங்க வேண்டியிருக்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் வெளிர்நிறத் துணியில் தைக்காதீர்கள். தைத்தபின் துவைக்கும் முறையும் மாறும்: குளிர்ந்த நீர், பூந்திக்கொட்டை நுரை அல்லது மென்மையான சோப்பு, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, பாயில் விரித்து நிழலில் உலர்த்துதல். ஆடி மாதத்தில் இது உலர இரண்டு நாள் ஆகலாம், அதற்குள் பூஞ்சண வாடை பிடித்துவிடும். ஆகவே தையலையும் துவைப்பையும் மாசிக்கோ பங்குனிக்கோ வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடுகிறவர்கள், குழந்தைத் துணியில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. துவைத்து நன்கு உலர்த்தி, இறுக மூடும் டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து உதறினால் போதும்.

## ஒரே துணியில் மூன்று தீர்ப்பு

அயர்லாந்தில் செவிலியராக இருக்கும் என் அக்காள் மகள், முந்தைய விடுமுறையில் இங்கே மறந்துவிட்டுச் சென்ற கருநீல மெரினோ கார்டிகனை எடுத்து வந்து, “சித்தி, இத களஞ்சிரட்டா?” (எறிந்துவிடட்டுமா) என்று கேட்டாள். விரித்து எண்ணியபோது பதினோரு ஓட்டைகள். ஃபிரீசரில் 2 வாரம் கிடந்தபின், முதுகிலும் பக்கவாட்டிலும் இருந்த எட்டை ஒரு பழைய மப்ளரிலிருந்து பிரித்த கடுகு மஞ்சள் கம்பளி நூலால் சிரட்டையில் வைத்து இழையோட்டினேன். பொத்தான் பட்டியை ஒட்டி முன்னால் இருந்த இரண்டை மட்டும் அவள் மறைக்கச் சொன்னாள். உட்தையலிலிருந்து அதே நீல இழையை உருவி, முடிந்தவரை மறைத்தேன். கிட்டப் பார்த்தால் தெரியும்.

பதினோராவது, இடது மணிக்கட்டுப் பட்டியில். இழையோட்டினால் இழுபடாது, கண்ணித் தையலுக்கு அடியில் கண்ணி இல்லை. பட்டிக்கு மேலே ஒரு வரிசையை வெட்டி, கண்ணிகளைப் பின்னூசியில் ஏற்றி, பட்டியைப் புதிதாகக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். அதற்கு ஏற்ற மெல்லிய நீலக் கம்பளி நூல் எனக்குக் கிடைக்கவில்லை. தளர்ந்த வளையங்கள் இறங்காதபடி ஒரு நூலைக் கோத்து முடிந்து வைத்திருக்கிறேன். அங்கே நூல் கிடைத்தால் வாங்கி அனுப்புகிறேன் என்று, அந்தக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போட்டுச் சென்றாள்.